கறை படியாத குழாய்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் குழாய்க்கு ஆயுசு கம்மி. உப்பும் சுண்ணாம்புமான தண்ணீர் உள்ளேயிருந்து அரிக்கும். கடல் காற்று வெளியேயிருந்து அரிக்கும். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கலீலுர் ரஹ்மானின் கடை வாசலில், வெட்டவெளியில், ஒரு குழாய் ராப்பகலாக ஓடிக்கொண்டே கண்ணாடியாக மின்னியது. மேலே போர்டு: 'அசல் ஜெர்மன். ஆறு வருடமாக ஓடுகிறது. ஒரு பொட்டுக் கறை காட்டுங்கள், பார்ப்போம்!'

பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த ராஜிக்குக்கு வயிறு எரிந்தது. அவன் விற்பது அதே ஜெர்மன் குழாயின் நகல். வாங்கும்போது இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே மாதத்தில் மூக்கில் வெள்ளை பூத்துச் சொட்டும்போதுதான் தகப்பன் வேறு என்று தெரியும். வாங்கியவர்கள் ஒருமுறை சண்டைக்கு வருவார்கள். அடுத்த முறை கலீல் கடைக்குப் போய்விடுவார்கள்.

முகம் சுளிக்காமல் சனிக்கிழமை தவறாமல் வந்து ஒன்று வாங்கிப்போகும் ஒரே புண்ணியவான், பிக்கப் டிரைவர் வேலுச்சாமி. எந்த சைட்டுக்கு என்று ராஜிக் கேட்டதில்லை. வருகிற ஒருவரையும் விரட்டுவானேன்? ஆனால் அவர் ஒருவரை நம்பிக் கடை நடக்குமா? இப்படியே போனால் வருஷக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கீழக்கரைக்கு விமானம் ஏறவேண்டியதுதான்.

"அது என்ன உலோகம்னு தெரிஞ்சா போதும். சீனாக்காரன் அப்படியே வார்த்துக் குடுத்துடுவான்" என்றான் மனைவி ஷிரினிடம்.

"கேட்டா கலீல் காக்கா சொல்லவா போறாக?"

"கேட்டாத்தானே!"

திங்கட்கிழமை மதியம். கடைகளை அடைத்துவிட்டுத் தெருவே ஏசியில் உறங்கும் நேரம். ராஜிக் ஸ்பேனரோடு போனான். வால்வை மூடினான், குழாயைக் கழற்றினான், துண்டில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டான்.

தன் கடைக்குள் நின்று கைக்குழந்தை மாதிரி ஏந்திப் பார்த்தான்.

"என்னா கனம், என்னா பளபளப்பு!" என்று போனில் ஷிரினிடம் உருகினான். "நம்ம சரக்கும் இருக்கே, தகரம்! ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான்!"

சாயங்காலம் ஷட்டரைத் தூக்கியதும், வேர்க்க விறுவிறுக்க வேலுச்சாமி வந்து நின்றார். ராஜிக் குழாயைச் சட்டென்று மேஜைக்கு அடியில் தள்ளினான்.

"பாய், வழக்கமான குழாய் ஒண்ணு. சீக்கிரம், யல்லா, யல்லா!"

"என்னண்ணே, சனிக்கிழமைதானே வருவிய?"

"வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் முதலாளி உத்தரவு. ஆனா வயித்தெரிச்சல் தாங்கல." வேலுச்சாமி மூச்சு வாங்கினார்.

"வாராவாரம் உங்ககிட்ட வாங்கிட்டுப் போய் கலீல் முதலாளி கடை வாசல்ல மாட்டுவோமே, அதை எந்தத் திருட்டுப்பயலோ கழட்டிட்டுப் போயிட்டான் பாய்!"