வலது மட்கார்டு

"மாத்தினதா? எங்க அப்பா கார்ல மாத்தின சாமானா? இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்!"

மார்சி ப்ரூவர் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கார்க்காரர் டஃபியின் கையிலிருந்த ஹாட்டாக் நழுவிப் புல்லில் விழுந்தது.

அமெரிக்காவில் ஓஹையோவின் அந்தச் சின்ன ஊரில் பழைய கார்ப் போட்டி. மைதானம் முழுக்கக் கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றன. மார்சியுடையது 1970-ம் வருஷத்து டாட்ஜ் சேலஞ்சர். கத்தரிப்பூ நிறம். காலையிலிருந்து கூட்டமே அதைச் சுற்றித்தான்.

நடுவர் ஹாஸ்கல் காருக்கு அடியிலிருந்து மெதுவாக எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டினார். எழுபதை நெருங்கும் வயது. கையில் டார்ச் லைட்.

"இன்ஜின், கியர், கண்ணாடி, சீட் எல்லாமே கம்பெனியிலிருந்து வந்ததுதாம்மா. முன்பக்கத்து வலது மட்கார்டு மட்டும் இல்ல. தகடு அடிச்ச தேதி உள்பக்கம் குத்தியிருக்கு. கார் பிப்ரவரியில தயாராயிருக்கு. மட்கார்டு அதே வருஷம் அக்டோபர்ல அடிச்சது. வண்டி வெளியே வந்த பிறகு செஞ்ச தகடு, அதோட எப்படி வந்திருக்கும்?"

மார்சிக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? கம்பெனி மாட்டிய சாமானோடு அப்படியே இருக்கும் காருக்குத்தான் இங்கே முதல் பரிசு. அதை முதன்முதலில் வாங்கியவரின் பெயரை மைதான வாசலில் பித்தளைத் தகட்டில் பொறிப்பார்கள். போன குளிர்காலத்தில் செத்துப்போன அப்பாவின் பெயரை அந்த வாசலில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் அவள் விடியற்காலையில் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்த மஞ்சள் காருக்கு இன்ஜினே வேற. அந்த ஆளுக்குச் சிரிச்சுக்கிட்டே கை குடுத்தீங்க. என்கிட்ட வந்ததும் மண்ணுல படுத்துத் தேடுறீங்க. பொம்பளைன்னா இளக்காரமா?"

"விடு மார்சி," என்றார் டஃபி. "கத்தரிப்பூக் கலரைக் கண்டாலே கிழவருக்கு இப்படித்தான். மத்த காரையெல்லாம் நின்னுக்கிட்டே பார்ப்பாரு. இந்தக் கலர்னா மட்டும் அடியில பூந்துடுவாரு. என்ன ஜென்மப் பகையோ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹாஸ்கல் சிரிக்கவில்லை.

"உங்க அப்பாவுக்கு முன்னாடி வேற யார்கிட்டயாவது இருந்துச்சா?"

"ஷோரூம்லயே புத்தம் புதுசா வாங்கினது. ஒரே சொந்தக்காரர், லைல் ப்ரூவர். அந்தப் பேரை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க!"

"யாருக்காவது இரவல் குடுத்திருப்பாரோ?"

"இரவலா? எங்கம்மாவையே ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார். சாவி ராத்திரியும் பகலும் அவர் கழுத்துலதான் தொங்கும்."

"ஒர்க்‌ஷாப்ல..."

"எந்த மெக்கானிக் கையும் பட்டதில்ல! ஷெட் கதவைச் சாத்திக்கிட்டு எல்லாத்தையும் அவரே பார்த்துக்குவார்."

"தினமும் ஓட்டுவாரா?"

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது கிழவரின் குரல் கொஞ்சம் இறங்கியது. மார்சி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"வாங்கின வருஷம் ஓட்டினார். விடியறதுக்கு முன்னாடி ஆத்தோர ரோடு வழியா டயர் ஃபாக்டரிக்குப் போவார். அந்த வருஷம் இலை உதிர்ற சமயத்துல சட்டுனு நிறுத்திட்டார். காரோட புதுசு போயிடக்கூடாதுன்னு ஷெட்ல விட்டு, தார்ப்பாய் போட்டு மூடினவர்தான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் ஒரு ஓட்டை டிரக்குலதான் வேலைக்குப் போனார். அரைக்கிறுக்கன்னு ஊரே சிரிச்சுது. இந்த மாதிரி காட்சிக்குக் கொண்டுபோகலாம்னு நான் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்! விடவே இல்லையே. அத்தனை அடக்கம் சார் அவருக்கு! அப்படிப்பட்ட மனுஷனைப் போய்..."

பேச்சு அழுகையில் போய் முடிந்தது. கூட்டம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

"ஒரு தகரத்துக்காகப் பொண்ணை அழ வைக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றாள் தொப்பி போட்ட ஒரு அம்மாள்.

"குடுத்துட்டுப் போங்க ஹாஸ்கல். செத்த மனுஷன் பேரு வாசல்ல இருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?" என்றார் டஃபி.

மார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பானெட்டின் மேல் ஓங்கி அறைந்தாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. இந்தக் காரை எங்க அப்பாவைத் தவிர வேற யாரும் ஒரு நாள்கூட ஓட்டினதில்ல. பைபிளைக் கொண்டாங்க, அதுமேல கை வச்சுச் சத்தியம் பண்றேன்!"

ஹாஸ்கல் டார்ச்சை அணைத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்தார்.

"சத்தியம் வேண்டாம்மா. நீ சொல்றதை நான் அப்படியே நம்புறேன்."

"அப்போ பரிசு?"

கிழவர் அந்த வலது மட்கார்டை மெல்லத் தடவினார்.

"அதே வருஷம், அதே ஆத்தோர ரோட்டுல, விடியக்காலையில என் தம்பி சைக்கிள்ல பேப்பர் போடப் போனான். அவனை அடிச்சுக் கொன்ன கார் நிக்கவே இல்ல. சைக்கிள்ல ஒட்டியிருந்த கத்தரிப்பூப் பெயிண்ட்தான் எங்களுக்குக் கிடைச்ச ஒரே தடயம். அந்தக் காரைத் தேடித்தாம்மா நான் நடுவராவே ஆனேன்."