வாசலில் ஒரு புருஷன்

"நாய்க்குட்டியை உள்ள வெச்சுக்கிட்டுப் புருஷனை வெளிய தள்ளிட்டா கேப்டன். நீங்களே வந்து பாருங்க."

பெர்லிதா இப்படிச் சொன்ன பிறகுதான் அந்தப் பேட்டையின் தலைவரான பராங்கே கேப்டன் எலியுதேரியோ காலைக் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். தெருச் சண்டைகளைத் தீர்த்து வைப்பது அவர் பொறுப்பு. டுமகெத்தே நகரத்தின் அந்தத் தெருவில் முக்கால்வாசிச் சண்டைகள் அவர் காதுக்கு வருவது பெர்லிதாவின் பெட்டிக்கடையிலிருந்துதான்.

வந்து பார்த்தார். சொன்னது சரிதான்.

மெலிண்டா வீட்டு வாசலில் அவள் புருஷன் ருஃபினோ, தன் வாடகை மோட்டார் டிரைசிக்கிளில் பயணிகள் ஏறும் பக்கப் பெட்டியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தலையணை. மேலே கம்பியில் துவைத்த சட்டை.

"ஏம்ப்பா, வீட்டுல இடமில்லையா?"

"இருக்கு கேப்டன்."

"அப்புறம்?"

"நாய்க்குட்டி இருக்கு."

"கேட்டீங்களா?" என்றாள் பெர்லிதா.

கேப்டன் கதவைத் தட்டினார். ஜன்னல்தான் திறந்தது. மெலிண்டாவுக்குக் கண் வீங்கியிருந்தது. முழங்கை வரை ஈரம். பிளீச்சிங் வாடை தெருவுக்கு வந்தது.

"கதவைத் திற மெலிண்டா."

"வேணாம் கேப்டன். உள்ள வந்தீங்கன்னா செருப்பை இங்கயே விட்டுட்டுத்தான் போகணும்."

கேப்டன் தன் புதுச் செருப்பைப் பார்த்தார். ஜன்னலே போதும் என்று முடிவு செய்தார்.

உள்ளே துணி துவைக்கும் தொட்டியில் பழைய துண்டு விரித்து, அதில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கறுப்புக் குட்டி கிடந்தது. சுவர் ஆணியில் சலைன் பாட்டில்.

"பார்வோவாம், நாய்க்குட்டிங்களுக்கு வர்ற நோய்" என்றாள் மெலிண்டா தணிந்த குரலில். "ரத்தமாப் போகுது. தண்ணி குடுத்தாக்கூட வாந்தி. தோலுக்கடியில சலைன் ஏத்த டாக்டரம்மா கத்துக் குடுத்திருக்காங்க."

"பொழைக்குமா?"

"அவங்களுக்கே தெரியலை. நேத்து உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. என் வயித்துமேல போட்டுக்கிட்டுப் படுத்தேன். காலைல காதை அசைச்சான்."

"எங்க வாங்கினே?"

"வாங்கலை. நம்ம கேட்டுக்கு வெளிய கெடந்தான். யாரோ சாக்குல கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"யார் பண்ணின பாவமோ" என்று பெர்லிதா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் ஜன்னல் பக்கம் வரவில்லை. "அதுக்காகக் கட்டின புருஷன் தெருவுல கெடக்கணுமா?"

கேப்டன் தொண்டையைச் செருமினார். "ருஃபினோவை உள்ள விடும்மா."

"தாராளமா வரட்டும். வந்தா திரும்ப வெளிய போகக் கூடாது."

"வண்டி ஓட்டணுமே" என்றான் ருஃபினோ, வாயைக் கொப்பளித்துவிட்டு.

இரண்டு பேர் முகத்திலும் கோபமே இல்லை. கோபம் இல்லாத சண்டையை எப்படித் தீர்ப்பது என்று கேப்டனுக்குத் தெரியவில்லை. காபி ஆறிவிடும் என்று போய்விட்டார்.

அதன்பின் பெர்லிதாவே தர்மம் செய்ய முன்வந்தாள். தினமும் ருஃபினோவுக்குக் காபியும் ரொட்டியும் கொடுத்தாள். அவன் பதிலுக்கு அவள் வீட்டுப் பின்கட்டைப் பிளீச்சிங் ஊற்றிக் கழுவிக் கொடுத்தான்.

"வேணாம்னாலும் கேக்க மாட்டேங்கறான். நன்றியுள்ளவன். இவனுக்கு வாய்ச்சவதான் சரியில்லை." கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஒரு மத்தியானம் மெலிண்டா கூப்பிட்ட குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ருஃபினோ ஜன்னலுக்கு ஓடினான். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தான்.

கோழி வேகவைத்த தண்ணீரில் தோய்த்த அவள் விரலைக் குட்டி நக்கிக்கொண்டிருந்தது.

"வாந்தி எடுக்கறானான்னு பாப்போம்" என்றாள்.

அவள் உள்ளேயும் அவன் வெளியேயுமாகக் காத்திருந்தார்கள். ஜன்னல் கம்பி மட்டும் நடுவில். குட்டி வாந்தி எடுக்கவில்லை. தலையைத் தூக்கி மறுபடி விரலைத் தேடியது.

மெலிண்டா உட்கார்ந்து அழுதாள். ருஃபினோ திரும்பிப் போய், சுத்தமாக இருந்த வண்டிக் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தான்.

அடுத்த முறை கேப்டன் அந்த வழியாக வந்தபோது, கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் ஒரு கறுப்பு மூக்கு நீட்டிக்கொண்டு அவரைப் பார்த்துக் குரைத்தது. குரைத்த வேகத்தில் அதுவே உள்பக்கம் விழுந்து, எழுந்து, மறுபடி வந்து குரைத்தது.

ருஃபினோ இன்னும் பக்கப் பெட்டியில்தான் இருந்தான்.

"குட்டிதான் பொழச்சிருச்சே. இன்னுமா உன்னை உள்ள விடலை?"

"அவ விடாம இல்லை கேப்டன். நான்தான் போகலை."

"ஏன்?"

"அந்தக் கிருமி வீட்டுல ரொம்ப நாள் இருக்குமாம். செருப்புல, துணியில ஒட்டிக்கிட்டு வருமாம். உள்ள போயிட்டு வந்து பெர்லிதாக்கா பின்கட்டுல நான் எப்படிக் கால் வைக்கிறது?"

"அங்க என்ன இருக்கு?"

"அவங்க நாய் குட்டி போட்டிருக்கு. நாலு குட்டி. அதுகளுக்கு வந்துரக் கூடாதுன்னுதான் தெனம் கழுவி விடறேன்."

கேப்டன் கடைப் பக்கம் பார்த்தார். பெர்லிதா யாரிடமோ மெலிண்டா வீட்டைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதை அவகிட்டயே சொல்லிட்டா என்ன? உன் பொண்டாட்டியை ஊரெல்லாம் தூத்தறாளேப்பா."

"தூத்தட்டும் கேப்டன். மெலிண்டாவும் அதான் சொல்றா. தொத்து நோய்னு தெரிஞ்சா அந்த நாலையும் சாக்குல கட்டிருவாங்க."

"சேச்சே. பெர்லிதாவா? அவ அப்படியெல்லாம் செய்யறவ இல்லையே."

ருஃபினோ குரலைத் தாழ்த்தினான்.

"மொத்தம் அஞ்சு கேப்டன். அஞ்சாவதுதான் இப்ப உங்களைப் பாத்துக் குரைக்குது."