பேச்சுத் துணை

தனியாக வாழும் முதியவர்களை ஆண்டுதோறும் வேனில் சுற்றுலா அழைத்துப்போவது அருமனை நேசக்கரம் கிளப்பின் வழக்கம். ஊரடங்கு வந்ததும், அதற்குப் பதிலாகப் போனில் பேசலாம் என்று முடிவெடுத்தார்கள். செயலாளர் பெனிஷ், ஓய்வுபெற்ற குளோரி டீச்சரை அழைத்தான்.

“டீச்சர், திருவட்டாறு டைட்டஸ் சாருக்க வீட்டம்மா இறந்துட்டாங்க. தனியா இருக்காரு, சரியா சாப்பிடுததில்ல. தினமும் கொஞ்சம் பேசுவியளா?”

“பாவம். நம்பரைச் சொல்லு மக்கா.”

முதல் நாள் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மூன்றாம் நாள், சிறுவயதில் பார்த்த குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சி பற்றிப் பேச்சு வந்தது.

“ராட்டினத்துல வாந்தியெடுத்து புதுச் சட்டையைக் கெடுத்தவன் நான்” என்றார் டைட்டஸ்.

“நான் மரணக் கிணத்தைப் பாக்கப் பயந்து அப்பாவுக்க முதுகுல ஒளிஞ்சவ” என்று டீச்சர் சிரித்தார்.

பிறகு டைட்டஸே கூப்பிடத் தொடங்கினார். இன்று என்ன சமையல் என்று கேட்பார். அவரைச் சாப்பிடவைக்க வேண்டுமே என்று டீச்சர் தினமும் ஒழுங்காகச் சமைத்து, அதைச் சொல்லி ஆசைகாட்டினார்.

ஊரடங்கு தளர்ந்ததும் நன்றி சொல்ல பெனிஷ் வந்தான்.

“சாரு தேறிட்டாரு மக்கா. இனி நான் நிறுத்திரட்டா?” கேட்டுவிட்டு டீச்சர் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெனிஷ் தயங்கினான். “அவரும் நேத்து அதையேதான் கேட்டாரு டீச்சர்.”

“எதை?”

“‘குளோரி டீச்சர் தேறிட்டாங்க, நேரத்துக்குச் சாப்பிடுதாங்க, இனி நான் நிறுத்திரட்டா’ன்னு. நீங்களும் தனியாத்தானே இருக்கிய. அதான் உங்ககூட பேசச் சொல்லி அவரிட்டயும் கேட்டிருந்தோம்.”

டீச்சர் கோபப்படுவார் என்று அவன் நினைத்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“நான் இன்னும் தேறல்லன்னு அவரிட்ட சொல்லிரு மக்கா.”