படியேறிப் பார்த்த வீடு

“ஏ தம்பி, பஸ்ஸை விட்டு இறங்கினா இம்புட்டு தூரமா சுத்தி வரணும்?”

கணவரோடு வீடு பார்க்க வந்த குழல்வாய்மொழி, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெங்கடேஸ்வரனிடம் கேட்டாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் புதிதாக எழும்பிய அந்த நாலு மாடிக் கட்டடத்தில் வீடு விற்றுக் கொடுப்பது அவன் வேலை. எண்பத்தைந்தில் கட்டி முடித்தது. ஒரு வருஷமாகியும் ஒரு வீடுகூடப் போகவில்லை. “இந்த மாசமும் ஒண்ணும் தள்ளலைன்னா நீ வேற வேலை பாத்துக்கோ” என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

கட்டடத்தின் லட்சணம் அப்படி. ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயலைப் பார்த்து வாசல். பஸ்ஸில் வருகிறவன் மதிலை முழுக்கச் சுற்ற வேண்டும், அதுவும் சேற்றில்.

“இப்பத்தான்க்கா அப்படி. பஸ் ஸ்டாப்புக்கு நேரா ஒரு பக்கவாசல் திறக்கப் போறோம். சிமெண்டு நடைபாதை போட்டு, ரெண்டு பக்கமும் பூச்செடி வச்சு...”

“அப்படியா?” அவள் முகம் சுருங்கியது.

நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

படிக்கட்டு ஏணியைப் போல நிமிர்ந்து நின்றது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவள் கணவர் சிவசுப்பிரமணியன் மூச்சு வாங்கி உட்கார்ந்தே விட்டார்.

“வயசானவுக ஏற முடியாது போலிருக்கே?”

“லிப்ட் வருதுக்கா! அடுத்த மாசமே.”

“லிப்ட் வேறயா!” என்று அலுத்துக்கொண்டு நாலாவது மாடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “கூடம் தீப்பெட்டி மாதிரி இருக்கு. நாலு பேரு காலை நீட்டிப் படுக்க முடியாதே.”

“சுவரை இடிச்சுப் பெரிசாக்கித் தாரோம்க்கா.”

“வேண்டாம் தம்பி. இந்த வீடு நமக்குத் தோதுப்படாது.”

அவள் விறுவிறுவென்று இறங்கத் தொடங்கினாள். வேலை போனது போனதுதான். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? வெங்கடேஸ்வரன் மேலேயிருந்து கத்தினான்.

“போங்கக்கா, நல்லாப் போங்க! பக்கவாசலும் வராது, லிப்டும் வராது. பிளான் போட்டவன் ஜென்மத்துல ஒரு நாளும் நடந்திருக்க மாட்டான்!”

குழல்வாய்மொழி நின்றாள்.

“சத்தியமா வராதா?”

“எங்க முதலாளி இருக்கிற வரைக்கும் வராது.”

“இதை முதல்லயே சொல்லப்பிடாதா? என்னங்க, எந்திரிங்க. தம்பிகிட்ட அட்வான்ஸைக் குடுங்க!”

“ஏன்க்கா?” என்று கேட்டுக்கொண்டே வெங்கடேஸ்வரன் கீழே ஓடி வந்தான்.

“இப்ப இருக்கிற வீடு அருவிக்குப் போற வழியிலேயே இருக்கு தம்பி. சாரல் விழுந்திச்சோ இல்லையோ, இவுக சொந்தக்காரவுக பூரா மூட்டை முடிச்சோட வந்து இறங்கிருதாவ. சீசன் முடியுமட்டும் அடுப்படியே கதின்னு கிடக்கேன். இனிமே எவுக இந்த நாலு மாடி ஏறி வாராவன்னு பாத்திருதேன்!”