வெள்ளைப் பிரஷ்

"இவங்க மட்டும் எப்படி இவ்வளவு துலக்கமா வந்தாங்க? யார் செஞ்ச வேலை இது?"

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருவதாகச் சொன்ன ஆவுடைத்தாய், கல்யாண ஆல்பத்தை மேஜையில் விரித்து ஒரு முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

ஆரியசாலை ஸ்டுடியோவின் முதலாளி லிங்கராஜ் குனிந்து பார்த்தார். தாலி கட்டும் படம். மணமக்களுக்குப் பின்னால் ஒரு தூணை ஒட்டி, எட்டிப் பார்த்தபடி நின்றாள் பேச்சி. பெண்ணைப் பெற்றவள். புருஷனை இழந்தவள் என்பதால் மேடையேறாமல் ஒதுங்கி நின்றிருந்தாள்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஜெபமலர் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தே ஒரு வருஷம் ஆகவில்லை. கூர்மையாக்கிய படத்தைக் கறுப்பு மாஸ்க் போட்டு மூடிவிட்டு, வேண்டிய இடத்தில் வெள்ளைப் பிரஷ்ஷால் தடவினால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று வரும். மணமக்கள் முகம், நகை, பட்டு. அதைத் தாண்டிப் பிரஷ் போகக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. ஆனால் மங்கலாகக் கிடந்த அந்த முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று பார்க்கப் போய், தடவிவிட்டாள்.

படத்துக்கு ஆர்டர் கொடுத்த மாப்பிள்ளையின் சித்தப்பா திரவியம், சாலைக் கடைத்தெருவில் பெரும்புள்ளி. அவர் முகம் சுளித்தால் ஒரு கல்யாண ஆர்டரும் வராது. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை, நம்ம வழக்கம் தெரியாமல் செய்துவிட்டது என்று லிங்கராஜ் கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"நாளையிலேர்ந்து இவ இங்க இருக்க மாட்டா அக்கா. படத்தையும் மாத்தித் தாறேன்."

இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஜெபமலர் எழுந்தாள்.

"நான் போயிடறேன் அண்ணாச்சி. ஆனா அந்த முகத்தை மறுபடி மங்க வைக்க என்னால ஆகாது."

ஆவுடைத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓ, நீதானா அது?"

ஆல்பத்தை அவள் பக்கம் திருப்பினாள். விரல் மெல்ல நகர்ந்து, எதிர்ப்பக்கத் தூணருகே நின்றது. அங்கேயும் ஓர் உருவம், ஆளே தெரியாத நிழலாக.

"இவளையும் கொஞ்சம் துலக்கித் தா மோளே. இவளும் தாலி அறுத்தவதான். மாப்பிள்ளைக்கு அம்மா, நான்."