அஞ்சு மணிக் கல்யாணம்

"சார், நீங்க மட்டும் கிளம்புங்க. உங்க கையெழுத்துகூட வேணாம்" என்றார் இன்ஸ்பெக்டர் மகேஷ். அந்த வட்டாரத்துக்கு அவர் புதுசு.

துரைராஜ் தரையை விட்டு எழவில்லை. அறுபது வயது, வெள்ளை மீசை. இரண்டு முறை கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அவரைச் சுற்றி இருநூறு தூய்மைப் பணியாளர்கள். காலையில் தேனாம்பேட்டையில் மறியல் செய்த எல்லாரையும் போலீஸ் இந்தக் கல்யாண மண்டபத்தில்தான் அடைத்திருந்தது.

வேலையை விட்டு நிறுத்திய பதினோரு பெண்களைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. இனிப் போராட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் விடுவோம் என்றது போலீஸ்.

"எல்லாரையும் விடுங்க. நானும் போறேன்."

"அஞ்சு மணிக்கு உங்க வீட்டுக் கல்யாணமாமே? இப்பவே நாலேமுக்கால் சார்."

"ஆமா. மயிலாப்பூர்ல, எங்க சங்க ஆபீஸ்ல. நீங்களும் வந்திருக்கலாம்."

"நீங்க இல்லாம எப்படி நடக்கும்?"

"நடக்காதுதான்."

வேலம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நிறுத்தப்பட்ட பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. "நீ போ நைனா. இங்க ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டோம். இன்னா, எங்க மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்கு வேலம்மா. இவங்க மேலதான் இல்ல. நான் அந்த கேட்டைத் தாண்டினதும், 'உங்க தலைவரே போயிட்டார், உங்களுக்கென்ன'ன்னு ஆரம்பிப்பாங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அவர் நினைத்ததும் அதைத்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். மாப்பிள்ளை வீட்டுல கோச்சுக்க மாட்டாங்களா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "மாப்ள கோச்சுக்கவே மாட்டாரு சார். நாங்க கேரண்டி!" என்றாள் வேலம்மா.

மணி ஆறாயிற்று. ஒரு கையெழுத்தும் விழவில்லை.

அப்போது வாசலில் பறைச் சத்தம் கேட்டது. முன்னால் வந்த ஆட்டோவிலிருந்து சுந்தரவல்லி இறங்கினார். ஐம்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியை. கையில் இரண்டு ரோஜா மாலைகள். பின்னால் சங்கத்துக்காரர்கள் இருபது பேர்.

"கல்யாணத்தை இங்கேயே வெச்சுக்கறோம் சார். எங்களை உள்ள விடுங்க."

"கைதானவங்க மட்டும்தாம்மா உள்ள இருக்கலாம்."

"அப்ப எங்க பேரையும் எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வந்த கூட்டத்தில் யாரையோ தேடினார். "சரிம்மா... பொண்ணு மாப்பிள்ளை எங்க?"

சுந்தரவல்லி நிமிர்ந்து நின்றார்.

"பொண்ணு நான்தான் சார். மாப்பிள்ளையைத்தான் காலையிலேர்ந்து நீங்க பிடிச்சு வெச்சிருக்கீங்க!"