என் கார், என் இஷ்டம்

"அவர் பேரைச் சேர்க்க வேண்டாம்னு சொன்னேன்ல?"

மேவிஸ் போட்ட சத்தத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ஏஜென்ட் ரோஷெல் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு மேவிஸ் தன் புது எலெக்ட்ரிக் காரை எடுக்கப் போகிறாள். இன்ஷூரன்ஸ் அட்டையைக் காட்டினால்தான் ஷோரூமில் சாவி தருவார்கள். கார் நம்பர், வீட்டில் சார்ஜர் மாட்டிய விவரம் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டது. 'வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள்?' என்ற கேள்வியில்தான் வந்து நின்றுபோனது.

அந்த 'வேறு யார்' பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஆர்வோ, மேவிஸின் கணவர். கனடாவின் தண்டர் பே நகரத்தில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ரோஷெல்லே ஆறு வருஷம் அந்த பஸ்ஸில் போனவள்தான். மைனஸ் முப்பது குளிரிலும் அவள் தெருமுனைக்கு பஸ் வராத நாள் கிடையாது.

"மேவிஸ், இவரைச் சேர்த்தா கட்ட வேண்டிய பணம் ஏறாது. இவர் ஓட்டின ஒழுங்குக்குக் குறையத்தான் செய்யும்."

"குறைய வேண்டாம்."

"ஒரு அவசரம்னா..."

"அவசரம்னா டாக்ஸி இருக்கு. இத்தனை வருஷம் மத்தவங்களை ஏத்திட்டுப் போனாரு. இனிமே இவர் ஏறி உட்காரட்டும்."

ஆர்வோ சிரித்தார். "பார்த்தியா ரோஷெல், என் நிலைமையை? மீன் பிடிக்கப் போற இடத்துல எல்லாம் இதே பேச்சுதான். 'உன் பொண்டாட்டி கார் சாவியைத் தலையணைக்கு அடியில வச்சுக்குவாளாமே'ன்னு கேட்கறானுங்க."

"ஆமான்னு சொல்லு. என் கார், என் இஷ்டம்." மேவிஸ் ரோஷெல் பக்கம் திரும்பினாள். "பேரைச் சேர்க்காம விட்டா மட்டும் போதாதாம். இவர் ஓட்டினா இன்ஷூரன்ஸ் செல்லாதுன்னு ஒரு ஃபாரம் இருக்காமே? அதையும் எடு."

ரோஷெல்லுக்குச் சுருக்கென்றது. போன குளிர்காலத்தில் ஒரே ஆளிடம்தான் அவள் அந்த ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாள். அவன் குடித்துவிட்டு மூன்று வண்டிகளை நொறுக்கியவன்.

"அது எந்த மாதிரி ஆளுங்களுக்குன்னு தெரியுமா மேவிஸ்? இவர் ஓட்டின பஸ்ல ஒரு கீறல் விழுந்தது கிடையாது."

"அது பள்ளிக்கூடத்து பஸ். இது என்னோடது. எடுக்கறியா, இல்ல நான் வேற ஆபீஸ் பார்க்கவா? அஞ்சு மணிக்கு எல்லாரும் மூடிட்டுப் போயிடுவாங்க."

ஃபாரம் வந்தது.

"ஆர்வோ, போடு."

ஆர்வோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காட்டிய இரண்டு இடங்களிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ரோஷெல்லால் பொறுக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க மேவிஸ். இவ்வளவு நல்ல மனுஷனை நாலு பேர் முன்னால இப்படிப் பண்றது கொஞ்சம்கூட நல்லா இல்ல."

"உனக்கு நல்லா இருக்கணும்னு நான் இங்க வரல. அட்டை ரெடியா?"

அட்டையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "நான் போய் வண்டியைச் சூடு பண்றேன். நீ ஃபாரத்தோட காப்பியை வாங்கிட்டு வா" என்று கணவரிடம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனாள்.

கதவு மூடியதும் ரோஷெல் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "மிஸ்டர் ஆர்வோ, நீங்க ஏன் கையெழுத்துப் போட்டீங்க? முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே? இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப் போகல. நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிச்சுடாதே!"

அவர் முகத்தில் சிரிப்பைக் காணோம். கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். மேவிஸ் பழைய வண்டியின் முன் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரம் முன்னால சிக்னல்ல வண்டியை நிறுத்தினேன். அப்புறம் பின்னாடி ஹாரன் அடிச்சதுதான் ஞாபகம். நடுவுல என்ன ஆச்சுன்னே தெரியல. கண்ணைத் திறந்து பார்த்தா, பிள்ளைங்க ரோட்டைக் கடக்கற கோட்டு மேல வண்டி நிக்குது. நல்ல வேளை, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை."

ரோஷெல் ஃபாரத்தைக் காப்பி எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டு இருக்காங்க. வண்டியைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இந்த ஃபாரம் என் யோசனைதான்மா. எழுத்துல இருந்தாத்தான் என் கை சும்மா இருக்கும். ஆனா ஊருக்கு என்னன்னு சொல்றது? இங்க பாதிப் பேர் என் பஸ்ல போனவங்க. அவங்க என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்'னு சொல்றதை என்னால தாங்க முடியாதுன்னு அவகிட்ட அழுதேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"பனியில ஓட்டணும்னா அவளுக்குக் கை நடுங்கும். இருந்தாலும், இனிமே நான்தான் ஓட்டப்போறேன்னு மறுநாளே போய் இந்தக் காருக்குப் பணம் கட்டிட்டு வந்தா."

ஆர்வோ காப்பியை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

"வந்து சொன்னா: 'உன்னைப் பார்த்து யாரும் பாவப்பட வேண்டாம் ஆர்வோ. எல்லாரும் என்னையே திட்டிக்கட்டும்.'"